அக்கா கையில் ஐந்து தடம்

என் அக்காவின் கணவரைத் தெருவில் எல்லாரும் செக்கர் என்றுதான் சொல்வார்கள். முப்பத்திரண்டு வருடம் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடமாகிறது. ஆனால் உலகத்தில் பாதிப் பேர் டிக்கெட் எடுக்காமல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் மட்டும் ஓய்வு பெறவே இல்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், டாக்டர் தேவையில்லாத டெஸ்ட் எழுதுகிறார், மாடியில் குடியிருக்கும் மச்சினியாகிய நான் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போது குறுக்கெழுத்துப் பக்கத்தை அமுக்கிக்கொள்கிறேன். இதில் கடைசிப் புகார் மட்டும் உண்மை.

போன வருடம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரையும், காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு ஹோம் நர்ஸும் கூடவே வந்தார்கள். மெலிந்த, அதிகம் பேசாத பெண். அத்தானுக்குத் திரும்ப உத்தியோகம் கிடைத்துவிட்டது.

அந்தப் பெண் அக்காவை வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டுவாள். சோப்பை உடம்பெல்லாம் போடமாட்டாள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கை கால் முழுக்க கிரீம் தடவுவாள். அக்காவின் முன்கைத் தோல் அந்த வயதில் அப்படி மெலிந்துபோயிருந்தது. சுருக்கங்களுக்கு அடியில் நரம்பு நீலமாகத் தெரியும். எழுபத்தொரு வயதுத் தோலை அழுத்தினாலே கன்றிப்போகும், இழுத்தால் கிழிந்தே போகும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று முதல் வாரமே எங்களிடம் சொல்லிவிட்டாள். அத்தான் தலையாட்டிவிட்டு மாடிக்கு வந்து என்னிடம் சொன்னார், "கேட்டியா? இப்பவே முன்ஜாமீன் வாங்குறா."

கிரீம் பாட்டிலில் தினமும் பேனாவால் கோடு போட்டு வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் அறைக்குள் நுழைவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதை ஒரு முழுநேர வேலையாகச் செய்தார். அவளும் கோட்டைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. அன்றிலிருந்து பாட்டிலை அவர் பார்வையில் படும்படி மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது வாரம் அக்காவின் இடது முன்கையில் கருஞ்சிவப்பாகத் திட்டுகள் தெரிந்தன. இரண்டு நாள் கழித்து, அதே இடத்தில் கட்டைவிரல் நகமளவு தோல் உரிந்து ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. நர்ஸ் பதறவில்லை. சுத்தமான தண்ணீரால் கழுவி, ஒதுங்கிய தோலை ஈரப் பஞ்சால் மெதுவாக அதன் இடத்துக்கே தள்ளி, ஒட்டாத துணி வைத்து, பிளாஸ்திரி போடாமல் பேண்டேஜை மட்டும் தளர்வாகச் சுற்றினாள். எப்படி ஆச்சு என்று கேட்டாள். கதவில் இடித்துக்கொண்டதாக அக்கா சொன்னாள்.

"கதவுக்கு அஞ்சு விரல் இருக்கா?" என்றார் அத்தான் என்னிடம். கட்டுக்கு மேலே நான்கு திட்டு, எதிர்ப் பக்கத்தில் ஒன்று. நானும் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. போன வாரம் அவள் அவசர அவசரமாக அக்காவைத் தூக்கி உட்காரவைத்ததைப் பார்த்தேன் என்று எண்ணெய் ஊற்றினேன். அக்கா இப்போதெல்லாம் என்னிடம் சிரிப்பதைவிட அவளிடம் அதிகமாகச் சிரித்தாள், அது எனக்குப் பொறுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் காரணம்.

அத்தான் அன்றே ஏஜென்சிக்குப் போன் போட்டார். நோயாளியை முரட்டுத்தனமாகப் பிடிக்கிறாள், கையில் அடையாளம் இருக்கிறது, ஆளை மாற்றுங்கள் என்றார். உடனே மாற்று ஆள் இல்லாததால் நாளை ஒரு நாள் மட்டும் அவளே வருவாள், அதன்பின் விசாரணை முடியும்வரை வேறு எந்த வீட்டுக்கும் அனுப்பமாட்டோம் என்று அவர்கள் சொன்னதை, மெடல் வாங்கியவர் மாதிரி வந்து எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அவள் வந்தாள். கையைக் கழுவினாள், அக்காவைக் குளிப்பாட்டினாள், கிரீம் தடவினாள், கட்டை மாற்றினாள். எல்லாம் முடிந்த பிறகு அத்தானை அறைக்குள் கூப்பிட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், இந்தப் புகாரோட இனி எந்த வீட்லயும் என்னைச் சேர்க்கமாட்டாங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாருங்க."

அக்காவின் கையை மடியில் ஏந்தி, தன் விரல்களை அந்தத் திட்டுகளின் மேல், படாமல், வரிசையாகக் காட்டினாள். எட்டவில்லை. கட்டைவிரலை ஒரு பக்கத் திட்டில் வைத்தால் மறுபக்கம் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். நானும் வைத்துக் காட்டினேன். என் கையும் எட்டவில்லை. அந்த வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஜோடிக் கைதான்.

அத்தான் கையை நீட்டப் போனார். அதற்குள் அக்கா சட்டென்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். போதும், விடுங்கள் என்றாள்.

செக்கருக்கு அது போதாதா? என்ன மறைக்கிறாய், யாரைக் காப்பாற்றுகிறாய் என்று பிடித்துக்கொண்டார். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் விடவில்லை.

"உங்களைத்தான்" என்றாள் அக்கா. "காலையில பாத்ரூமுக்கு, சாயந்தரம் வாசலுக்கு. ஓடுற பஸ்லேர்ந்து குதிக்கிறவனைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க."

வலித்தால் சொல்வதற்கென்ன என்று கேட்டார் அத்தான்.

"சொன்னா விட்டுடுவீங்க. கல்யாணம் ஆகி நாப்பத்தஞ்சு வருஷத்துல இப்பதான் என் கையைப் பிடிச்சிருக்கீங்க."

தெருவில் பத்தடி முன்னால் நடக்கும் மனிதர் அவர். அக்கா பின்னால் பையோடு போவதைத்தான் நாற்பத்தைந்து வருடமாகப் பார்த்திருக்கிறேன். அது அவளுக்கு ஒரு குறையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கூடப்பிறந்தவள் என்ற பெயர்தான்.

அத்தான் கூடத்துக்குப் போய்ப் போனை எடுத்தார். முந்தின நாள் கொடுத்த புகார் தப்பு என்றார். அங்கே ஏதோ கேட்டார்கள். "அடையாளம் உண்மைதான். பிடிச்சது நான். எழுதிக்கோங்க" என்றார். நர்ஸைப் பார்த்து மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன், அவள் தொடவில்லை. கிளம்பும் முன் அத்தானைப் பக்கத்தில் வரச்சொல்லி, உள்ளங்கையை விரித்து அக்காவின் முழங்கைக்கு அடியில் தாங்கலாகக் கொடுக்க வேண்டும், விரலை மடக்கக் கூடாது என்று காட்டினாள். நாளைக்கு முழுக்கை வைத்த பருத்திச் சட்டை வாங்கி வையுங்கள் என்றாள். நாளைக்கு என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாயந்தரம் ஆறு மணிக்கு வாசலுக்குப் போகிற நேரம். அத்தான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றார். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். நீட்டியது நீட்டியபடியே இருந்தது. நான் ஏதாவது சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அவர் வந்தார். தட்டை ஏந்துகிறவர் போல உள்ளங்கையை அடியில் கொடுத்தார். விரல்கள் விறைத்து நின்றன. இருவரும் எழுந்து ஒரு அடி வைத்தார்கள்.

"விரலை மடக்கிப் பிடிச்சுக்கோங்க, பரவாயில்ல" என்றாள் அக்கா.

மாட்டேன் என்றார் அத்தான். கையை மட்டும் எடுக்கவில்லை.