செல்லம்மா கொண்டுவந்த கஞ்சித் தண்ணீர்

மாரியம்மனே கதி என்று இருப்பவர்களுக்கு என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சுனாமிக்கு முந்தின வருஷம், ஆவணி மாதம். திருப்பாலைக்குடிக்கு மேற்கே எங்கள் கிராமம். மழை பொய்த்துப்போய், என் வீட்டுக்காரர் வாலிநோக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். ஊரில் காய்ச்சல் விழாத வீடு இல்லை. முதலில் நான் படுத்தேன். பிறகு என் ஆறு வயது மகள் முத்துமாரி. உடம்பு அனலாகக் கொதித்தது. பன் கொடுத்தேன், பால் கொடுத்தேன். எல்லாம் வெளியே வந்தது. தண்ணீரும் தங்கவில்லை.

"வயித்தைக் காயப் போடு, தன்னால நிக்கும்" என்றார்கள் அக்கம்பக்கத்தில். காயப் போட்டேன். மறுநாள் அவள் கண் உள்ளே போய்விட்டது. உதடு வெடித்திருந்தது. அழுதாள், கண்ணீர் வரவில்லை.

காலை பஸ் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம்தான். அவளைத் தூக்கிக்கொண்டு நடக்க என் காலில் பலமில்லை. அம்மன் படத்தின் முன்னால் விழுந்தேன்.

"தாயே, உன் பேரைத்தான் வச்சிருக்கேன். இவ வயித்துல ஒரு வாய் நிக்க வையி."

வேறு கேட்கத் தெரியவில்லை.

அப்போது வாசலில் செல்லம்மா வந்து நின்றாள். என் கொழுந்தன் மனைவி. நிலத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. முந்தின வாரம்தான் இதே காய்ச்சலில் செத்த அவளுடைய ஒரே மகனைப் புதைத்திருந்தார்கள். படுக்கையில் கிடந்த என்னால் சாவுக்குக்கூடப் போக முடியவில்லை. அவள் கையில் தூக்குச்சட்டி இருந்தது.

"நொய்யைக் குழைய வேகவச்சு, தண்ணியா, உப்புப் போட்டுக் கொண்டாந்திருக்கேன். கரண்டி குடுக்கா."

"கக்கிருவா செல்லம்மா."

"கக்கட்டும். செத்த நேரம் விட்டுத் திரும்பக் குடுக்கணும். எம் மவன் கெடந்தப்பவே நர்சம்மா சொன்னாக. நாந்தான் கக்குறானேன்னு பயந்து அவனுக்குத் தண்ணியே காட்டல. தண்ணி தண்ணின்னுதான் கேட்டான்க்கா."

பிள்ளையை மடியில் சாய்த்து ஒவ்வொரு கரண்டியாக வாயில் விட்டாள். முத்துமாரி கக்கினாள். செல்லம்மா துடைத்துவிட்டு, காத்திருந்து, மறுபடி விட்டாள். பிறகு கக்கவில்லை. வெயில் தாழும்போது பாய் நனைந்தது. பிள்ளை ஒன்றுக்குப் போயிருந்தாள்; குடித்தது உடம்பில் தங்கிவிட்டது. ஈரத்தைத் தொட்டுப் பார்த்த செல்லம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு அவள்தான் தூக்கி வந்தாள். பஸ்ஸிலும் கரண்டியை விடவில்லை. அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். "குடிக்கக் குடுத்துக்கிட்டே வந்ததாலதான் பொழைச்சா" என்றார் டாக்டர்.

மறு மாதமே முத்துமாரி பள்ளிக்கூடம் போனாள். இப்போது இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் நானும் செல்லம்மாவும் கஞ்சியோடு போகிறோம். அம்மனை நம்புங்கள். கும்பிட்டுக்கொண்டே பிள்ளை வாயில் கஞ்சித் தண்ணீரும் விடுங்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நிறுத்தாதீர்கள்.

செல்லம்மாவின் பிள்ளைக்கு ஏன் இரங்கவில்லை என்று அம்மனிடம் கேட்டிருக்கிறேன். இன்றும் கேட்கிறேன். செல்லம்மா இன்னும் கோயிலுக்குள் வருவதில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் அவளுக்கும் சேர்த்துத் திருநீறு வாங்கி வருகிறேன். நெற்றியில் பூசினால், தட்டிவிடாமல் நிற்கிறாள்.