வாரிவிட்ட தரை

கோவிந்தராசு வீட்டில் டிவி வாங்கி நான்கு வருடம் ஆகிறது. திரையின் ஓரத்தில் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, சோபாவுக்கும் அதே. "உக்காந்தா சரக்கு சரக்குன்னு சத்தம் போடுது, கழட்டிப் போடேன்யா" என்று மனைவி ஜெயம் சொன்னால், "புதுசு கெட்டுடும்டி" என்பார். இப்படிப்பட்ட ஆளிடம் போய் உலக நாடுகள் வந்து ஆடிய மைதானத்தின் சாவியைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

மில் தொழிலாளியாக இருந்தவர் அவர். மில்லை மூடிய பிறகு பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார், ஒரு மண்டபத்தில் காவலுக்கு இருந்தார். கடைசியில் கருவடிக்குப்பம் பக்கம் ஒரு பெத்தாங்க் மைதானத்தில் வேலைக்கு வந்து நின்றார். பெத்தாங்க் என்றால் புதுச்சேரிக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன மரக்குண்டு ஒன்றை முன்னால் எறிந்துவிட்டு, கைக்கு அடக்கமான இரும்புக் குண்டுகளை அதன் பக்கத்தில் யார் நெருக்கமாகப் போடுகிறார்கள் என்று பார்க்கும் ஆட்டம். பிரெஞ்சுக்காரன் கப்பல் ஏறிய பிறகும் ஊரில் தங்கிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் இங்கே ஒரு சர்வதேசப் போட்டி வைத்தார்கள். பதினான்கு நாட்டு ஆட்கள். அதற்காக அடியில் ஜல்லி, நடுவில் செம்மண், மேலே பொடிச் சரளை என்று தரையைப் புதிதாகப் போட்டார்கள். ஒவ்வொரு கூடைச் சரளையையும் கோவிந்தராசு தன் கையால் கல் பொறுக்கிப் பரப்பினார். தரையைச் சோதிக்க வந்த வெள்ளைக்காரர் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "ட்ரே பியேன், மெஸ்யே", ரொம்ப நன்றாக இருக்கிறது ஐயா, என்று கை கொடுத்தார். ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒருவர் அவருடைய வேலைக்குக் கை கொடுத்திருக்கிறார். அன்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

நான்கு நாள் திருவிழாவாக இருந்தது. முடிந்ததும் போட்டி நடத்திய சங்கத்து ஆட்கள், "ரெண்டு வருஷத்துல திரும்பவும் இங்கதான். பத்திரமா பாத்துக்க" என்று சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அவர் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். கேட்டைப் பூட்டினார். தினமும் காலையில் பல் வைத்த இரும்பு வாரியால் தரையை ஒரு கோடு பிசகாமல் வாரிவிட்டார். ஆடத்தான் ஒருவரையும் விடவில்லை.

ஆட ஆள் இல்லாமல் இல்லை. மேனகா என்று ஒரு பெண், சேதராப்பட்டில் சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. போட்டி நடந்தபோது புள்ளிப் பலகை மாற்ற அவளையும் தெருப்பெண்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். நான்கு நாள் பார்த்ததில் ஆட்டம் பிடித்துப்போய், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பழைய குண்டுகள் வாங்கியிருந்தார்கள். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கேட்டுக்கு வருவார்கள்.

"அரை மணி நேரம்ணே. ஆடிட்டுப் போயிடறோம்."

"இது இன்டர்நேஷனல் தரைம்மா. கண்டவங்க மிதிக்கக் கூடாது."

"அவங்க மட்டும் மிதிக்காம பறந்தா ஆடுனாங்க?"

அவர் சாவியை மடியில் செருகிக்கொண்டார். அந்தப் பெண்கள் எதிரே காலி மனையில், சீமைக் கருவேல முள்ளை ஒதுக்கிவிட்டு ஆடினார்கள். இரண்டு வருடம் ஓடியது.

பிறகுதான் நகராட்சியிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. புழக்கத்தில் இல்லாத இடங்களைக் கணக்கெடுத்து, சனி ஞாயிறில் வந்து குவியும் வெளியூர்க் கார்களை நிறுத்த எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். இன்னும் மூன்று வாரத்தில் அதிகாரி வந்து பார்ப்பார். கோவிந்தராசுவுக்குக் கை கால் ஓடவில்லை. வேலை போவது ஒருபக்கம். தான் கல் பொறுக்கிய சரளையில் கார் ஏறி நின்று எண்ணெய் ஒழுகும் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வெட்கத்தை விட்டுக் காலி மனைக்குப் போனார்.

"என்னாண்ணே, இங்கயும் ஆடக் கூடாதா?" என்றாள் மேனகா.

"ஆடணும்மா. அங்க வந்து ஆடணும். இல்லன்னா கார் நிறுத்த எடுத்துக்குவாங்க."

"ரெண்டு வருஷமா நாய வெரட்டறாப்பல வெரட்டினியே."

"வெரட்டினேன். தப்புதான்."

அவள் குண்டுப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மூன்று வாரமும் தினம் ஆறு மணிக்கு ஆட்டம் நடந்தது. ஒவ்வொரு குண்டு விழும்போதும் தரையில் குழி விழுந்தது. தரையின் கோடியில் அடித்திருந்த பலகைகளில் குண்டு மோதிப் பச்சைப் பெயின்ட் பெயர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

அதிகாரி விஜயராகவன் காலை பத்து மணிக்கு வந்தார். தரையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இங்க யாரு ஆடறாங்க?"

"தினம் சாயங்காலம் ஆடறாங்க சார்."

"ஒரு காலடி கூட இல்லியே."

கோவிந்தராசு அப்போதுதான் தரையைப் பார்த்தார். இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி கிடந்தது. விடியக்காலையில் பழக்க தோஷத்தில், ஒரு குழி மிச்சமில்லாமல், ஒரு செருப்புத் தடம் மிச்சமில்லாமல் அவரே வாரிவிட்டிருக்கிறார். அதிகாரி வருகிறார் என்று இன்று இரண்டு தடவை வேறு.

"நாந்தான் சார் வாரி விட்டேன்."

"போற எடத்துலல்லாம் ஒரு காரணம் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி பேனாவைத் திறந்தார்.

சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றால் பெண்கள் எல்லாரும் சேதராப்பட்டில் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள். கோவிந்தராசுவின் பார்வை மைதானத்துக் கோடிக்குப் போனது. அடிபட்ட பலகைகள் அதிகாரி கண்ணில் பட்டால் அசிங்கம் என்று, பத்திரமாக மடித்து வைத்திருந்த போட்டி பேனரை எடுத்து நேற்றுத்தான் அவற்றின்மேல் கட்டியிருந்தார். பதினான்கு நாட்டுக் கொடிகளும் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

ஓடினார். கயிறு அவிழ்க்கப் பொறுமை இல்லை. ஒரே இழுப்பு. நடுவில் ஐந்தாறு கொடிகளோடு பேனர் கிழிந்தது.

"இத பாருங்க சார்!"

பலகை முழுக்க அம்மைத் தழும்பு. பெயின்ட் போன இடங்களில் மரம் வெள்ளையாகத் தெரிந்தது. விஜயராகவன் குனிந்து ஒரு குழிக்குள் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். மரச் சிம்பு நிமிர்ந்திருந்தது, புதுக் காயம்.

"எத்தன நாளா ஆடறாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "மூணு வாரமா சார். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் நாந்தான் பூட்டி வச்சிருந்தேன். கெட்டுடும்னு."

அதிகாரி பேனாவை மூடினார். "சாயங்காலம் எத்தன மணிக்கு?"

ஆறு மணிக்குச் சொன்னபடி வந்து, கேட்டருகே நின்று முழு ஆட்டத்தையும் பார்த்தார். போகும்போது கோவிந்தராசுவுக்குத் தெரியும்படியே எழுதினார், 'புழக்கத்தில் உள்ளது' என்று.

நடந்ததைக் கேட்டு மேனகா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவர் கையில் ஒரு குண்டைத் திணித்தாள். "போடுண்ணே. நீ பண்ணுன தரைதானே."

இத்தனை வருடத்தில் அவர் ஒரு குண்டு போட்டதில்லை. போட்டார். மரக்குண்டுக்கு ஆறடி தள்ளிப் பொத்தென்று விழுந்து, சரளை சிதறியது. அன்றைக்கு விழுந்ததிலேயே பெரிய குழி அதுதான். கை தன்னால் வாரியைத் தேடியது. தேடிய கையை இழுத்து மடியில் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு குடும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சோபா உறையைக் கழற்றிச் சுருட்டிப் போட்டார். டிவி முன்னால் போய் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். நான்கு வருடத்துப் பசை, பாதிதான் வந்தது. "மிச்சத்துக்குத் தேங்கா எண்ண வச்சுப் பாக்கலாம்" என்று ஜெயம் கிண்ணத்தோடு வந்தாள்.