மூன்று லீக், ஒரு லாரி

1. போனில் வந்தது

பாமணி ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு கார்த்திகை மாதக் காலையில் எங்கள் பிரிவு அலுவலகத்துக்கு மூன்று போன் வந்தன. மூன்று பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: லீக்.

நான் ஆற்றுப் பாசனப் பிரிவில் பணி ஆய்வாளர். மழைக்காலத்தில் கரையைப் பார்ப்பதும், கரையோரத்துக்காரர்களின் போனை எடுப்பதும், கேட்டதை உதவிப் பொறியாளரிடம் சொல்வதும் என் வேலை. அப்போது உதவிப் பொறியாளராக இருந்தவர் நிவேதா மேடம். தர்மபுரிப் பக்கத்துக்காரர். அது அவருக்கு முதல் மழைக்காலம். இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்ப்பதும் முதல் தடவை என்று அவரே சொன்னார்.

முதலில் பேசியவர் இடது கரையடியில் டீக்கடை வைத்திருக்கும் ஷாகுல் பாய்.

"சார், பெரிய லீக்கு. பயமுறுத்துறேன்னு நினைக்காதீங்க, நாளைக்கு என் கடையை நீங்க கடல்கிட்ட முத்துப்பேட்டைல போய்த்தான் தேடணும்."

அடுத்தவர், அதே கரையில் கொஞ்சம் மேலே இருக்கும் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் ராஜமாணிக்கம். "லீக் ஆகுது சார். நான் தலைவரா இருந்தப்ப இந்த இடத்துல ஆனதே இல்லை."

மூன்றாவது அந்தோணிசாமி. வலது கரைக்கு நேர் கீழே சர்ச் தெரு. அதில் கரையை ஒட்டிய முதல் வீடு அவருடையது. கரை உடைந்தால் முதலில் அவர் வீடு, அப்புறம் தெரு முழுவதும், அதற்கப்புறம் கதிர் வெளிவராத சம்பா. அவர் சொன்னது: "சின்ன லீக்குதாங்க சார். பெருசா ஒண்ணுமில்லைங்க. ஒரு தகவலுக்காகச் சொன்னேன்."

எங்களிடம் மணல் மூட்டை ஒரு லாரிதான் மிச்சம் இருந்தது. நடுவில் இருந்த சின்னப் பாலம் மூழ்கிவிட்டதால், லாரி ஒரு கரைக்குப் போனால் தூரத்துப் பெரிய பாலத்தைச் சுற்றி மறு கரைக்குத் திரும்பி வர அரை நாள் ஆகும். ஆகவே ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். பெரிய லீக், லீக், சின்ன லீக் என்ற வரிசைப்படி லாரி ஷாகுல் பாய் கடைக்குக் கிளம்பியது.

2. ஆபீஸ் பேச்சு

லாரி கிளம்பியதும் மேடம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சார், லீக்னா என்ன சார்? குழாய் சொட்டுறதும் லீக்குதான், அணை ஓட்டையாகுறதும் லீக்குதான். இந்த ஊர்ல அதுக்கெல்லாம் தனித்தனியா பேர் இருக்காதா?"

"இருக்கு மேடம். கரை வேர்க்கும், கசியும், ஒழுகும், ஊத்தெடுக்கும், பொங்கும். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல."

"அப்புறம் ஏன் எல்லாரும் லீக்குங்கறாங்க?"

"ஆபீஸுக்குச் சொல்றாங்க மேடம்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அரசு அலுவலகத்தில் பேசும்போது வீட்டுச் சொல்லை வெளியே விட்டுவிட்டு வருவது ஒரு மரியாதை. பயிர் மூழ்கினாலும் அழுகினாலும் சாய்ந்தாலும் அலுவலகத்தில் அது 'டேமேஜ்'. மதகு இறங்காவிட்டாலும் ஏறாவிட்டாலும் 'ரிப்பேர்'. அதிகாரிக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நாங்களும் புரிந்ததாகத் தலையாட்டி வந்திருக்கிறோம்.

"அவங்க வீட்ல என்னன்னு சொன்னாங்கன்னு கேளுங்க சார்," என்றார் மேடம்.

ஷாகுல் பாயை அழைத்தேன். "பாய், கடைப் பையன்கிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"கரை வேர்க்குது, பெஞ்சை இந்தப் பக்கம் தூக்கிப் போடுடான்னேன்."

"தண்ணி எப்படி இருக்கு?"

"பளிங்கு மாதிரி. டீ போடலாம். போடல சார், நீங்க வேற எழுதிக்கிடாதீங்க."

ராஜமாணிக்கத்தின் லீக் நண்டு வளை. "ஒழுகுது சார். ரெண்டு கூடை களிமண்ணு வெச்சு மிதிச்சா நின்னுடும்."

"மிதிக்க வேண்டியதுதானே?"

"நான் முன்னாள்தானே சார்."

அந்தோணிசாமியிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

"வீட்லயா? மேரிகிட்ட லீக்குன்னு சொன்னா யாருக்குப் புரியும்? கொல்லையில பொங்குதுடின்னேன்."

"எப்படிப் பொங்குது?"

"உலை கொதிக்கிற மாதிரிங்க. நடுவுல மணலா குபுகுபுன்னு வருது. சுத்தி எறும்புப் புத்தாட்டம் மேடு கட்டியிருக்கு."

"தண்ணி?"

"செவப்பாத்தாங்க. காப்பி கணக்கா."

நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். 'செவப்பு' என்றதும் மேடம் எழுந்துவிட்டார். தெளிந்த தண்ணீர் கசிந்தால் கரை நனைகிறது. கலங்கிய தண்ணீர் மணலோடு வந்தால் கரைக்கு அடியில் வழி விழுந்து, உள்ளிருந்து கரை கரைகிறது.

"லாரியைத் திருப்பச் சொல்லுங்க. தெருவைக் காலி பண்ணச் சொல்லுங்க."

நல்லவேளையாக டிரைவர் பெரிய பாலத்துக்கு இந்தப் பக்கம், வலது கரையிலேயே டீசல் போட நின்றிருந்தார்.

அந்தோணிசாமி இன்னும் போனில்தான் இருந்தார். "பதட்டப்படாதீங்க சார். வைக்கோலை உருட்டி களிமண்ணோட திணிக்கிறோம். அடங்கிடும்."

மேடம் போனை என் கையிலிருந்து வாங்கினார். "அடைக்காதீங்க! அடைச்சா பக்கத்துல பெருசாத் திறக்கும். நாங்க வர்ற வரைக்கும் தொடாதீங்கண்ணே!"

3. வளையமும் உறையும்

நாங்கள் போனபோது தெருக்காரர்கள் பாதிப் பேர் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். அந்தோணிசாமியின் மனைவி ஆரோக்கியமேரி மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். கொல்லையில் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. அளவைப் பார்த்தால் அவர் சின்னது என்று சொன்னதில் பொய் இல்லை.

மேடம், "ரிங் பண்டு போடணும்," என்றார்.

ரிங் என்பதை 'வளையம்' என்று நான் ஆட்களிடம் சொன்னேன். அவர்கள் ஊற்றைச் சுற்றி ஒரே வரிசையாக மூட்டைகளை வட்டமாக அடுக்கிவிட்டு, அழகாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்கள். தண்ணீர் மூட்டைகளின் மேல் வழிந்து வெளியே போனது. வளையம் என்றால் அதுதான். அதில் உயரம் கிடையாது.

"உறை இறக்குற மாதிரிப்பா," என்றேன் இரண்டாம் முறை. "கிணத்து உறை. ஒண்ணு மேல ஒண்ணு."

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றபடி அவர்கள் மூட்டைகளை இடுப்புயரத்துக்கு ஏற்றினார்கள். பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே தண்ணீர் கிணறுபோல ஏறியது. ஏற ஏற அதன் எடை ஊற்றை அமுக்கியது. மணல் வருவது குறைந்தது. மூட்டைகளுக்கு நடுவே ஒரு குழாய் வைத்து, மிஞ்சிய தண்ணீரை வாய்க்காலில் விட்டோம். நாங்கள் எல்லோரும் குழாய் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். காப்பி நிறம், டீ நிறமானது. வெகுநேரம் அப்படியே இருந்தது. பொழுது சாய்வதற்குள் குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில் அடியில் இருந்த கல் தெரிந்தது.

மேடம் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"ஏண்ணே, மொதல்லயே பொங்குதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அந்தோணிசாமி நெளிந்தார். "ஆபீஸ்ல எப்படிங்க மேடம்? பொங்குது, கொதிக்குதுன்னா அடுப்படிப் பேச்சாட்டம் இருக்கும்ல."

"எங்க காலேஜ் புத்தகத்துலயும் இதுக்கு பாயில்னுதான் பேரு. பாயில்னா கொதிக்கிறது."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

ஆரோக்கியமேரி மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி சொன்னார்: "உள்ளதைச் சொல்லுங்கன்னு நான் அப்பவே சொன்னேன் மேடம். இவருதான், சும்மா இரு, நான் இங்கிலீஷ்ல பேசிக்கிறேன்னாரு."

வீட்டுக்குள் போகலாமா என்று அவர் கேட்டதற்கு மேடம் கூடாது என்றார். ஆறு இறங்கும்வரை தெருவே சர்ச்சில் படுத்தது. இறங்கிய பிறகு ஒரு சுவரும் விழாத தெருவுக்கு எல்லோரும் திரும்பினார்கள். மேடம் கரையை வெட்டிப் பார்த்தபோது அடியில் ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு வழி விழுந்திருந்தது. அந்தோணிசாமி குனிந்து எட்டிப் பார்த்தார். வீட்டுக்குள் போய் மனைவியை அழைத்து வந்து காட்டினார்.

பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். போனில் உங்களுக்கு நன்றாகப் புரிகிற சொல் வந்தால், அது உங்களுக்காகச் செய்யப்பட்ட சொல். அவர் தன் வீட்டில் என்ன சொன்னார் என்று கேளுங்கள். அதைக் கேட்ட பிறகு லாரியைக் கிளப்புங்கள்.