அண்ணைக்கு வைத்த ரோல்ஸ்

உயிரோடு இருக்கும் என் அண்ணனைப் பிள்ளைகள் முன்னிலையில் சாகடித்தவன் நான். பயப்படாதீர்கள், ஆயுதம் ஒன்றுமில்லை. ஒரு புகைப்படமும் இரண்டு ஆட்டிறைச்சி ரோல்ஸும்தான்.

ஸ்காபரோவில் எங்கள் சமூக நிலையத்தில், மெக்சிக்கோக்காரரின் இறந்தோர் நாளைச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். மரியா ரீச்சர் சீனியில் மண்டையோடு செய்யக் காட்டினார். உதவிக்குப் போன நான் செம்மஞ்சள் தாளில் செவ்வந்திப்பூ மடித்தேன். கோவா, அதுதான் முட்டைக்கோஸ், மாதிரி இருக்கிறதென்று பிள்ளைகள் தீர்ப்பளித்தார்கள்.

பிறகு, இறந்த உறவினர் ஒருவரின் படத்தை, மேசையில் அடுக்கிய படியில் வைத்து, அவருக்குப் பிடித்த சாப்பாட்டையும் வைக்க வேண்டும். பூக்கள் வழிகாட்ட, அன்றைக்கு அவர்கள் வீட்டுக்கு வருவார்களாம்.

வருவார்களாம்... அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது.

அண்ணன் பிக்கரிங்கில் இருக்கிறார். கூப்பிடு தூரம். ஆனால் வருவதில்லை. அவர் மகளின் கல்யாணத்தில் மைக் என் கையில் அகப்பட்டது, சும்மா இருப்பேனா? கனடா வந்த புதிதில் ஊருக்கு 'மனேச்சர் வேலை' என்று சொல்லிவிட்டு, உணவகத்தில் அவர் கோப்பை கழுவிய கதையை அவிழ்த்துவிட்டேன். சம்பந்தி வீட்டார் உட்பட மண்டபமே சிரித்தது. அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் கோப்பைகளைக் கழுவித்தான் என்னை இங்கே கூப்பிட்டார். அதை ஏன் சொல்லவில்லை? சொன்னால் பகிடி கெட்டுவிடும்...

ஆகவே, செத்தவர்களோடு அவர் படத்தையும், அவருக்குப் பிடித்த ரோல்ஸையும் வைத்தேன். அப்படியாவது வருவாரா என்றுதான்.

"அங்கிள், உங்கட அண்ணா எப்பிடி டை பண்ணினவர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"சிரிச்சுச் சிரிச்சுத்தான், பிள்ளை."

அவளைக் கூட்டிப்போக வந்த தாய் படத்தை உற்றுப் பார்த்தார்.

"உவர் பிக்கரிங்கிலை இருக்கிறவர் எல்லே? போன ஞாயிறும் பூசையிலை கண்டனான். உங்களுக்குச் சொந்தமோ, அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி... உது வேறை ஆள்."

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். பகிடி கூடத் தேவைப்படவில்லை.

எல்லோரும் தங்கள் படங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சிறுமி மட்டும் வாசலிலிருந்து ஓடிவந்து, தன் பூவை அண்ணன் படத்தடியில் வைத்தாள்.

"அவருக்கு வழி தெரியாட்டி என்ன செய்யிறது, அங்கிள்?"

அவருக்கு வழி நன்றாகத் தெரியும். என் வீட்டுக் கதவுத் திறப்பு ஒன்றுகூட இன்னும் அவர் சாவிக்கொத்தில்தான் கிடக்கிறது.

அந்தப் பூ இப்போது என் காரின் முன்கண்ணாடியடியில் வெளிறிக்கொண்டிருக்கிறது. பிக்கரிங்குக்குத் திரும்பும் சந்தியை ஒவ்வொரு நாளும் கடக்கிறேன். எனக்கும் வழி தெரியும்...