ஒன்பது கிராம்

லாரி டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே. கிடங்குகளும் பட்டறைகளும் வரிசையாக நிற்கும் சாலையில் ஓர் எடைமேடை இருக்கிறது. அதை ஒட்டிய சின்ன அறையின் ஜன்னலுக்குப் பின்னால்தான் அவர் உட்கார்ந்திருப்பார். காலி லாரி மேடையில் ஏறும், எடை போடுவார். அதே லாரி சரக்கோடு திரும்பி வரும், மறுபடி போடுவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கின் எடை. கேட்பதற்குக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அந்த இரண்டு எடைக்கும் நடுவே மனிதர்கள் என்னென்ன வித்தை காட்டுவார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

காலியாக வரும்போது லாரியில் ஸ்டெப்னி டயர் இருக்காது, சரக்கோடு வரும்போது எங்கிருந்தோ முளைத்திருக்கும். முதல் எடைக்கு இறங்கி நின்று பீடி பிடித்த கிளீனர், இரண்டாவது எடைக்கு சீட்டுக்குப் பின்னால் சுருண்டு படுத்திருப்பான். இன்னொருவன் காலி லாரியின் பின்சக்கரத்தை மேடையின் விளிம்புக்கு வெளியே நழுவ விட்டுவிட்டு, ஜன்னலில் வந்து சாய்ந்துகொண்டு, "அண்ணே, உடம்பு எப்படி இருக்கு?" என்று தேன் ஒழுக விசாரிப்பான். உடம்பைப் பற்றி ஒருவன் விசாரித்தால் உடனே எழுந்து போய்ச் சக்கரத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். பெரும்பாலும் அவர் நினைத்தது சரியாகவே இருக்கும். அதுதான் கோளாறே. சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு ஜெயித்த மனிதரிடம் போய் நம்பிப் பாருங்கள் என்று யார் சொல்வது?

அந்தக் கண்ணை வேலை முடிந்ததும் அறையில் பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தால் பரவாயில்லை. அது அவரோடு வீட்டுக்கும் வந்தது. பாலைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மச்சினன் கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்த சட்டையின் தையலைப் பிரித்துப் பார்ப்பார். "இந்த வீட்டுக்குள்ள காத்து மட்டும்தான் சோதனை இல்லாம வருது" என்பாள் மனைவி. அதற்கும் அவர் ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

ஒரே மகள். போன வருடம், செல்போன் பழுதுபார்க்கும் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். இவர் பையனைப் பார்க்க வீட்டுக்கு அழைக்கவில்லை. அவன் கடைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்று மூன்று சாயங்காலம் வேவு பார்த்தார். போதாததற்கு அக்கம்பக்கத்துக் கடைகளில் போய், "இந்தப் பையன் நல்ல பார்ட்ஸ உருவிட்டு மட்டமானத போடுவானாமே?" என்று கேட்டு வைத்தார். கேள்வி அவனுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? மகள் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்குப் பிறகு வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள். அம்மா பேசி முடித்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்க அவருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இப்படி இருக்கையில்தான் அவருடைய போன் விழுந்தது. ஒரு லாரியின் சக்கரத்தைப் பார்க்க ஜன்னல் வழியே எட்டினார், சட்டைப்பையிலிருந்து நழுவி இரும்பு மேடையில் குப்புற விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை. படம் தெரிந்தது, தொட்டால் வேலையும் செய்தது, ஆனால் விரல் வைத்த இடமெல்லாம் கீறியது. முதலாளி லாரி எண்களை அதில்தான் அனுப்புவார் என்பதால் அப்படியே விடவும் முடியாது.

முதல் கடையில் இருந்தவன் போனைக் கையில்கூட வாங்காமல், "டிஸ்ப்ளே மொத்தமா மாத்தணும்" என்றான். தொடாமலே எப்படித் தெரிந்தது என்று இவருக்கு மூக்கில் வியர்த்தது. இரண்டாவது கடைக்காரர் பாதி விலை சொன்னார். "ஒரிஜினலா?" என்று கேட்டதற்கு, "ஒரிஜினல் மாதிரியே இருக்கும்" என்றார். அந்த 'மாதிரியே' இவருக்குப் போதும், படி இறங்கிவிட்டார். கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் குளிர்சாதன அறையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு விலை சொன்னார்கள். அந்தப் பணத்துக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுப் போனே வாங்கிவிடலாம். அங்கே இருந்த பெண்ணும் அதையேதான் சொன்னாள், சொல்லிவிட்டுப் புதுப் போன்கள் இருந்த அலமாரியைக் காட்டினாள். தலையில் மிளகாய் அரைப்பதற்குத்தான் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது.

அன்று மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"பொண்ணுகிட்ட சொன்னேங்க, போன் உடஞ்சுடுச்சுன்னு."

"எதுக்கு சொன்ன?"

"அவ ஒண்ணு சொன்னா. அப்பா எங்க கடையில கொண்டு வந்து குடுக்கட்டும், சந்தேகமா ஒரு வார்த்தை பேசாம வாங்கிட்டுப் போகட்டும். அப்படி செஞ்சா வர்ற ஞாயித்துக்கிழமையே நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வர்றோம்னு சொன்னா." அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒரு வருஷம் ஆச்சுங்க. எனக்காக ஒரே ஒரு தடவ வாய கட்டிக்கிட்டு இருங்க."

சரி என்றார். மனதாரத்தான் சொன்னார். வாயைக் கட்டத்தானே சொன்னாள், கையைக் கட்டச் சொல்லவில்லையே. மறுநாள் காலை மருமகன் கடைக்குப் போகிற வழியில் தெருமுனை மளிகைக் கடையில் நின்றார். எலக்ட்ரானிக் தராசின் தட்டைத் துண்டால் துடைக்கச் சொன்னார். போனை வைத்தார். இருநூற்று மூன்று கிராம். எடுத்து மறுபடி வைத்தார், அதே எடை. மளிகைக்காரர், "என்னண்ணே, எடைக்குப் போடப் போறீங்களா?" என்று கேட்டார். இவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காலி எடை போட்டாயிற்று என்ற நிம்மதி அவருக்கு.

மருமகன் கடை ஒரு ஆள் நிற்கிற அகலம்தான். அவன் எழுந்து, "வாங்க மாமா" என்றான். இவருக்கு இன்னும் மாப்பிள்ளை என்று வாய் வரவில்லை. "இந்தாங்க தம்பி" என்று போனை நீட்டினார். அவன் விளக்கடியில் பிடித்து, நாலு மூலையையும் அழுத்தி, ஒரு வெள்ளைப் படம் வைத்துப் பார்த்து, கறுப்புப் படம் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"டிஸ்ப்ளே நல்லாத்தான் இருக்கு. மேல் கண்ணாடி மட்டும்தான் போயிருக்கு. ஒரிஜினல் டிஸ்ப்ளே போட்டா போன் விலையில பாதி ஆயிடும், இவ்வளவு பழைய போனுக்கு அது வீண் செலவு. காப்பி போட்டா வெளிச்சம் மங்கும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். கண்ணாடிய மட்டும் பிரிச்சு மாத்திடலாம், செலவு ரொம்பக் கம்மி. பிரிக்கிறப்ப டிஸ்ப்ளே போச்சுன்னா அது என் பொறுப்பு."

எல்லாரும் ஏற்றிச் சொன்னபோது வந்த சந்தேகம், இவன் குறைத்துச் சொன்னதும் இரண்டு மடங்கானது. குறைத்துச் சொல்கிறவன் வேறெங்கோ கை வைக்கப் போகிறான். உடம்பை விசாரிக்கிற டிரைவர்தான் நினைவுக்கு வந்தான். இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். உள்ளே போன் கவர்களை அடுக்கிக்கொண்டிருந்த மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

சனிக்கிழமை போன் தயார். புதுக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. மருமகன் ஏதோ கேட்டான், இவர் "சரி, சரி" என்று பணத்தை வைத்துவிட்டுக் கிளம்பினார். காதில் எதுவும் ஏறவில்லை. கால் நேராக மளிகைக் கடைக்கு இழுத்தது. தட்டில் வைத்தார்.

நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

ஒன்பது கிராம் குறைகிறது. நினைத்தது சரியாகப் போய்விட்டதே என்ற வேதனையோடு, நினைத்தது சரிதான் என்ற ஒரு கெட்ட சந்தோஷமும் இருந்ததை மறைப்பானேன். தொடாமலே விலை சொன்ன முதல் கடைக்கே போய், "ஒரு போன்ல ஒன்பது கிராம் எதுப்பா இருக்கும்?" என்று கேட்டார். அவன் தலையைச் சொறிந்து, "கேமராவா இருக்கலாம். இல்ல ஸ்பீக்கரு. பேட்டரியகூட சின்னதா மாத்தியிருக்கலாம்" என்றான். எதைத் திருடினான் என்று தெரியாததால் எல்லாவற்றையும் திருடியதாகவே அவருக்குத் தோன்றியது.

மருமகன் கடையில் வாடிக்கையாளர் ஒருவர் நின்றிருந்தார். அவர் போகட்டும் என்றுகூட இவர் காத்திருக்கவில்லை.

"ஒன்பது கிராம் குறையுது தம்பி. எதை எடுத்தீங்க?"

மகள் கையிலிருந்த கவர் அப்படியே நின்றது. மருமகனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது, அப்புறம் அவனையும் மீறிச் சிரித்துவிட்டான்.

"போனை எடை போட்டீங்களா மாமா?" என்று மேசை இழுப்பறையைத் திறந்தான். "கழட்டினத ஒரு வாரம் எடுத்து வச்சிருப்பேன். உங்கள மாதிரி ஆளுங்க வருவாங்கன்னு தெரியும்." ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தான். அதில் இரண்டு கண்ணாடிகள் இருந்தன. "இது உங்க பழைய கண்ணாடி. இதுக்குப் பதிலாத்தான் புதுசு, எடை ஒண்ணுதான். இது அந்தப் பழசு மேல கீறல் விழாம இருக்க ஒட்டியிருந்த ஸ்க்ரீன் கார்டு. வாங்கினப்பவே கடையில ஒட்டிக் குடுத்திருப்பாங்க. இதுவும் ஒடஞ்சு போச்சு. புதுசா ஒண்ணு ஒட்டவான்னு கேட்டேன். நீங்க சரி சரின்னுட்டு ஓடிட்டீங்க."

அவர் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். விரிசல் விட்டிருந்தாலும் சிதறாமல் ஒரே தகடாக இருந்தது. சீட்டுக்குப் பின்னால் படுத்த கிளீனரை இத்தனை வருடத்தில் ஒருநாள் தவறவிட்டதில்லை. தன் போன்மேல் இப்படி ஒருத்தன் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் காலி எடை போட்டிருக்கிறார். வெட்கத்தில் காது சுட்டது. வாடிக்கையாளர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் பெருமூச்சு விட்டாள். "சரி விடுங்கப்பா" என்றாள். "ஒரு வார்த்தை பேச மாட்டீங்கன்னு நெனச்சேன், பேசிட்டீங்க. போகட்டும். இப்பவாவது புரிஞ்சுதே." அவள் முகம் இளகியிருந்தது. மருமகனும் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினான். அதோடு முடிந்திருக்கும். அவர் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்திருந்தால் முடிந்திருக்கும்.

அவர் ஸ்க்ரீன் கார்டைக் கையில் எடுத்து, உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"இத மட்டும் ஒரு தடவ எடை போட்டுப் பாத்துடலாமா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சத்தியமாக இல்லை. கணக்கு நேராகிவிட்டால் மனசு ஓய்ந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் கேட்டு முடிக்கும்போதே, கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

மருமகன் இந்த முறை சிரிக்கவில்லை. மகள் எழுந்தாள். அப்பா கையிலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பழக்கடைக்குப் போனாள். தராசில் வைத்து, குனிந்து எண்ணைப் படிப்பது இங்கிருந்தே தெரிந்தது. திரும்பி வந்து அவர் கையிலேயே வைத்தாள்.

"ஒன்பது கிராம்ப்பா. சரியா இருக்கு." குரலில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "நாளைக்கு நாங்க வரல. அம்மாவ இங்க வரச் சொல்லுங்க. அம்மாவ மட்டும்."

வீட்டுக்கு வந்தபோது ஜன்னல் திரைகள் துவைத்து மாட்டியிருந்தன. கட்டிலில் புது விரிப்பு. வாங்கி வந்த காய்களை மனைவி பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "நாளைக்கு உன்ன மட்டும் வரச் சொல்லிட்டா" என்றார்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. மளிகைக் கடைக்கு அவளும்தானே போய் வந்திருக்கிறாள், போன் எடை போட்ட கதை அங்கேயே காதில் விழுந்திருக்கும். கையில் இருந்ததைக் கூடையில் போட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

"எடை சரியா இருந்துதா?"

"இருந்துச்சு" என்றார்.