முள்ளுக்கும் எஞ்சினுக்கும் நடுவில்

அம்மா எந்த முள்ளையும் தட்டிவிட்டுத்தான் படிப்பார். சுவர்க்கடிகாரமோ எடை பார்க்கும் இயந்திரமோ, நடுவிரல் முட்டியால் கண்ணாடியில் ஒரு தட்டு. காய்ச்சலில் கிடந்த என் நெற்றியைக்கூட ஒருமுறை தட்டிவிட்டுத்தான் தொட்டுப் பார்த்தார்.

வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. சிறிய விமானங்கள் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியொன்றில் கருவிகளைப் பழுதுபார்ப்பவர் அம்மா. உயரம் காட்டும் கருவிக்குள் காற்றுப்புகாத மெல்லிய உலோகச் சிமிழ் இருக்கும். விமானம் ஏற ஏற வெளியே காற்றழுத்தம் குறையும், சிமிழ் உப்பும். அந்த உப்பலைப் பற்சக்கரங்கள் முள்ளிடம் கொண்டுபோகும். சக்கரம் சோம்பினால் முள் பின்தங்கும், தட்டினால் விழித்துக்கொள்ளும்.

அதே பள்ளியின் விமானக் கொட்டகையில் அப்பா எஞ்சின் மெக்கானிக்.

"வட்டமா கண்ணாடி போட்டு எதைக் குடுத்தாலும் உங்கம்மா நம்பிடுவா" என்பார் அப்பா.

"எஞ்சின் இருமினாக்கூட உங்கப்பாவுக்குப் பாட்டு மாதிரி கேக்கும்" என்பார் அம்மா.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், ஒரு நான்கு சிலிண்டர் எஞ்சினை முழுக்கப் பிரித்துச் சேர்க்கும் பொறுப்பு முதன்முறையாக அப்பாவிடம் வந்தது. பிஸ்டன் வளையம், வால்வு, சிலிண்டருக்கு இரண்டு தீப்பொறிப் பிளக்குகள் எல்லாம் அவர் கைப்பட மாட்டியவை. அது நன்றாக ஓடினால்தான் அடுத்த எஞ்சினும் அவரிடம் வரும்.

விமானத்தில் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் சீராக இருந்தது. ஆனால் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் சரியான அளவுக்கான பச்சைக் கோட்டைத் தொடவேயில்லை.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. முள்ளுதான் பொய் சொல்லுது" என்றார் அப்பா.

அம்மா கருவியைக் கழற்றி மேசைக்குக் கொண்டுபோனார். அதற்குள் வளைந்த குழல் ஒன்று உண்டு. எண்ணெய் உள்ளே அழுத்தும்போது குழல் நிமிரப் பார்க்கும், அந்த இழுப்பில் முள் நகரும். எத்தனை முறை சோதித்தாலும் அளவு பிசகவில்லை.

"கருவி சரியா இருக்கு ஐயா. எஞ்சின்லதான் கோளாறு" என்றார் தலைமைப் பொறியாளரிடம்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்றார் அப்பா.

"நீங்க என் புருஷன்னு முள்ளுக்குத் தெரியாதுங்க."

கொட்டகையே சிரித்தது. "அண்ணே, ராத்திரி சாப்பாட்டுக்கு நம்ம வீட்டுக்கு வந்துடுங்க!" என்று கத்தினார் பெயின்டர்.

அப்பா சிரிக்கவில்லை. எஞ்சினைப் பிரிக்க வேறொரு மெக்கானிக்கைப் போட்டார்கள். தான் முடுக்கிய ஒவ்வொரு நட்டையும் இன்னொருவர் கழற்றுவதை நின்று பார்த்தார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

அன்றுதான், கருவியைத் திரும்ப மாட்டுவதற்காகப் விமானத்தின் கருவிப் பலகைக்கு அடியில் படுத்த அம்மாவின் சட்டைக் கையில் எண்ணெய் ஊறியது. எஞ்சினிலிருந்து கருவிக்கு வரும் ஒல்லிக் குழாயின் நடு இணைப்பில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது. எஞ்சின் கொடுத்த அழுத்தம் வழியிலேயே கசிந்திருக்கிறது. அந்த நட்டை முடுக்கியவர் அம்மாதான்.

எழுந்து நேராகப் போய், "ஐயா, எஞ்சின்ல ஒண்ணுமில்ல. தப்பு என்னோடது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எஞ்சின் அப்பாவிடமே திரும்பியது.

பெயின்டர் வந்து சேதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாலையில் அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டார்: "ஐயாகிட்ட சொன்னியாமே. எங்கிட்ட?"

"சொல்றேங்க. முதல்ல கைகால் கழுவிக்கிறேன்."

கழுவிக்கொண்டு வந்து வேறு பேச்சு பேசினார். அதற்குப் பிறகும் அப்பா கேட்பார், அம்மா "சொல்றேன், சொல்றேன்" என்பார். வருடங்கள் இப்படியே ஓடின.

எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். எதற்கும் காரணம் தேடப் பழகிவிட்டேன். ஊரறியச் சொன்ன ஒன்று அப்பாவிடம் மட்டும் ஏன் வரவில்லை? கூச்சமா? சொல்லிவிட்டால் அவர் கேட்பதை நிறுத்திவிடுவார் என்றா? இரண்டாவது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே அதை நம்பத் தயக்கமாகவும் இருக்கிறது.

மருத்துவமனையில் கடைசியாக அம்மாவின் படுக்கையருகே அப்பா குனிந்து, "ஏம்மா, எனக்கொரு பாக்கி இருக்கே?" என்றார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுக்கு வந்து சொல்றேங்க."

வரவில்லை.

"இன்னும் எதுக்குப்பா அதையே பேசிட்டு? விட்டுடுங்களேன்" என்றேன் போன வாரம்.

"நீ யாருடா நடுவுல? கடன் எனக்கும் அவளுக்கும்" என்றார் அப்பா. "நான் தள்ளுபடி பண்ண மாட்டேன்."