நீலப் பென்சிலின் முனை

மாதாப்பூர் அலுவலகத்தின் பார்க்கிங்கில் ஒரு மாலை ஸ்கூட்டர் சாவியைத் திருப்ப முடியவில்லை. சாவி துளைக்குள் இருந்தது, விரல்கள் சாவியின் மேல் இருந்தன, திருப்புகிற வேலை மட்டும் நடக்கவில்லை. வண்டிதான் மக்கர் செய்கிறது என்று செக்யூரிட்டி அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் இரண்டே விரலால் திருப்பிவிட்டுப் போனார். கால்விரல்களில் சில நாட்களாக எறும்பு ஊர்வதுபோல் இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை.

கில்லன்-பாரே சிண்ட்ரோம் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்குவது) என்றார்கள். முன்பு வந்த வயிற்றுப்போக்கு தூண்டியிருக்கலாமாம். இம்யூனோகுளோபுலின் (தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். கால்கள் மெல்லத் திரும்பின. அப்பாவின் தோளைப் பிடித்து மெட்டுகுடா வீட்டுக்குள் நடந்தே நுழைந்தேன். கைகளில் பலம் மட்டும் வரவில்லை.

"கை வந்துடுமா டாக்டர்?"

"நிறைய பேருக்கு வந்துடும்மா. சிலருக்குக் கொஞ்சம் பலவீனம் தங்கிடலாம். நரம்போட மேலுறை மெதுவாத்தான் வளரும்."

"மெதுவான்னா எத்தனை வாரம்?"

"நீங்க சாஃப்ட்வேரா?" என்று சிரித்தார். தேதி சொல்லவில்லை.

பிசையச் சொல்லிக் கொடுத்த ரப்பர் களிமண் எனக்கு அலுத்துப்போனது. பிடித்த வேலை எதையாவது செய்யுங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். பரணிலிருந்து என் பள்ளிக்கால வண்ணப் பென்சில்களை அப்பா இறக்கினார். முதலில் ஒரு வீடு வரைந்தேன். கோடெல்லாம் நடுங்கி, நிலநடுக்கத்தில் மாட்டிய வீடாக வந்தது.

கோடே இல்லாத படம் வேண்டும் என்று தேடியபோதுதான் போனில் ஒரு பிரெஞ்சு இம்ப்ரெஷனிச ஓவியம் அகப்பட்டது. ஒரு ஆறு, கரையில் மரங்கள், வெளுத்த வானம், அவ்வளவுதான். பெரிதாக்கிப் பார்த்தால் ஆறும் இல்லை, மரமும் இல்லை. சின்னச் சின்னத் தீற்றல்கள். மரத்தின் பச்சைக்குள் நீலமும் ரோஜா நிறமும் கிடந்தன. நிழலில் கறுப்பே இல்லை, ஊதாதான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடம் நிழலுக்குக் கறுப்புப் பென்சிலைத் தேய்த்திருக்கிறேனே.

என் கையால் அழுத்த முடியாது. இந்தப் படமோ அழுத்தவே சொல்லவில்லை. மஞ்சளை லேசாகப் பூசி, மேலே நீலம், அதன் மேல் மறுபடி மஞ்சள் என்று அடுக்கினால், எட்டிப் பார்க்கையில் அது புல்லாகிவிடுகிறது. ஒரு அடுக்குக்குள் கை ஓய்ந்துவிடும். மீதி நாளைக்கு.

ஷார்ப்னரைத் திருக என்னால் ஆகாது என்பதால் பென்சில் சீவுவது அப்பா பொறுப்பு. "நக்கோம்மா, வேணாம், நீ விடு" என்று தினமும் வந்து டப்பாவைத் திறப்பார். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவருக்கு வேலை இல்லாமல் இருப்பது பிடிக்காது.

"போன வாரம் சீவினது அப்படியே இருக்கு. பென்சில் காகிதத்துல படுதா இல்லையா?"

"படுதுப்பா."

"இது என்ன, ஆறா? துவைச்சுப் போட்ட லுங்கி மாதிரி இருக்கு."

சிரித்தோம். ஆனால் கூர் மழுங்காத அந்தப் பென்சில்களைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பிசியோதெரபியில் பிடிவலு (கை இறுக்கிப் பிடிக்கும் பலம்) அளக்கும் கருவியின் முள்ளும் நின்ற இடத்திலேயே நின்றது.

ஒரு முற்பகல், ஆற்றின் நடுவில் நீலம் தீட்டிக்கொண்டிருந்தேன். டிக் என்றது. பென்சில் முனை முறிந்து, காகிதத்தைக் குழித்து, கருநீலமாக ஒரு தீற்றல். படம் போச்சே என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்பா வந்து மொட்டைப் பென்சிலை எடுத்துப் பார்த்தார்.

"கீழே போட்டியா?"

"இல்லப்பா. தீட்டும்போதே."

அப்பா ஷார்ப்னரை எடுத்தார். சீவி என் விரல்களுக்குள் வைத்தார். "உடையற அளவு அழுத்தினியா? இன்னொரு வாட்டி உடை, பாப்போம்."

உடையவில்லை. அடுத்த வாரம் உடைந்தது.

உங்களுக்கும் இதே நோய் என்றால், வண்ணப் பென்சில் நரம்பை வளர்க்கும் என்று சொல்ல மாட்டேன். மருந்தும் பயிற்சியும் நாட்களும் செய்த வேலை அது. எனக்கு அது கண்ணில் பட்டது காகிதத்தில், அவ்வளவே.

இப்போது சாவி திரும்புகிறது. விரல் நுனிகள் இன்னும் கொஞ்சம் மரத்தே இருக்கின்றன. ஒன்றைத் தொட்டால், தொட்டேன் என்ற செய்தி ஒரு கணம் தாமதித்து வருவதுபோல் இருக்கிறது. அந்தக் கணத்துக்குக் காத்திருக்கப் பழகிவிட்டேன்.

படம் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் நடு ஆற்றில் இருக்கும் கருநீலத்தைப் படகு என்கிறார்கள். நான் திருத்துவதில்லை.